கழிச்சல்தானே என்று விட்டுவிடாதீர்கள்

வெயில் காலத்தில் வீட்டுக் கோழி செத்தால் கிராமத்தில் யாரும் பதறுவதில்லை. "வெள்ளைக்கழிச்சல் வந்துடுச்சு" என்று ஏரிக்கரையில் வீசிவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும்: திடீர்ச் சாவு, மூச்சுத்திணறல், கழிச்சல். கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து, தலை வீங்கி, கால் தோலில் இரத்தம் கட்டியிருந்தால் சந்தேகம் கூடும். அதற்கு மேல் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல கால்நடை மருத்துவரான என்னாலும் முடியாது. தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நம் நாட்டில் இறுதி முடிவு சொல்வது போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம்.

நாமக்கல் பண்ணைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அங்கே அன்றன்று செத்த கோழிகளைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். எண்ணிக்கை ஏறினால் உடனே தெரிந்துவிடும். வீட்டுக்குப் பத்து கோழி வளர்க்கிற ஊர்களில்தான் நோய் நம் கண்ணுக்குத் தப்புகிறது. 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பீர்பூம், தெற்கு தினாஜ்பூர் மாவட்டங்களில் தெரியவந்த பறவைக் காய்ச்சல், மாநிலத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. நோய் பரவாமலிருக்கச் சுற்றுவட்டாரக் கோழிகளை அழிக்க அரசு ஆட்கள் வந்தபோது பலர் கோழிகளை ஒளித்துவைத்தார்கள். கடைசியில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழிக்க நேர்ந்தது.

ஒளித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழப்பீடு என்பது அரசு அழிக்கும் கோழிக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும்தான். தகவல் சொன்னால் பக்கத்து வீட்டுக் கோழியும் போகும், ஊர்ப் பகையும் வரும். முதலில் சொல்பவருக்கு, ஏற்கெனவே செத்த கோழிக்கும் சேர்த்து, தாமதமில்லாமல் பணம் கொடுக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் எந்தக் கண்காணிப்பும் நிற்காது.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பிப்ரவரி முகாமில் இலவசமாகப் போடும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். அப்புறமும் கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால், வேறு நோயோ என்று எங்களுக்கு உடனே சந்தேகம் தட்டும்.

நோய்க்கோழியை அவசரமாக அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள், மலிவாக விற்காதீர்கள். நன்றாக வெந்த கறியால் ஆபத்தில்லை. நோய்க்கோழியை அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும்தான் ஆபத்து. 2021-இல் டெல்லியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் பறவைக் காய்ச்சல் வைரஸ் தாக்கி இறந்தான். செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, நாயும் காக்கையும் அண்டாத இடத்தில் வையுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு, அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.