கொலம்பஸ் வரிசையில் 50 நிமிடம்

கொலம்பஸ் என்ற ஊஞ்சல் கப்பல் ரைடு நின்றதும் முதலில் நடப்பது செருப்புத் தேடல்தான். ஏறும்போது எல்லாரும் மேடையோரம் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இறங்கும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தக் குவியலைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரே மாதிரி நீல வார் ஹவாய் செருப்பு நாலு ஜோடி கிடக்கிறது. ஓர் அம்மா ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றதைத் தேடுகிறார். அவர்கள் நகர்ந்தால்தான் இந்தப் பக்கத்துக் கேட் திறக்கும். கேட் திறந்தால்தான் அடுத்த கூட்டம் ஏறும். போன மே மாதம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் அக்கா மகளோடு அந்த வரிசையில் நின்றபோது செல்போனில் நேரம் பார்த்தேன். செருப்புக்கு மட்டுமே ஒரு நிமிடம் போனது.

“மாமா, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் உண்டு. அந்தப் பதிலில் இந்த ஒரு நிமிடத்துக்குப் பெரிய பங்கும் உண்டு.

ஒரு கணக்குப் போடலாம். கொலம்பஸ் கப்பலில் 40 இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆடுவது 3 நிமிடம், ஆட்களை இறக்கி ஏற்றுவது 3 நிமிடம். ஒரு சுற்றுக்கு 6 நிமிடம் ஆனால் மணிக்கு 10 சுற்று, 400 பேர். இது காகிதத்தில் வரும் எண். இப்போது செருப்புக்கு ஒரு நிமிடம் சேருங்கள். சுற்று 7 நிமிடம் ஆகிவிடுகிறது, மணிக்கு எட்டரைச் சுற்றுதான் ஓடும். அடுத்தது இருக்கை. ஒரு பெஞ்சில் நாலு பேர் உட்காரலாம். அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது இடத்தில் முன்பின் தெரியாதவர் யாரும் உட்கார விரும்புவதில்லை. அப்படிச் சுற்றுக்கு நாலு இடம் காலியாகப் போனால் 36 பேர்தான் ஏறுகிறார்கள். மொத்தத்தில் மணிக்கு 309 பேர். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, மெஷினும் பழுதாகவில்லை. ஆனால் மணிக்கு 90 பேருக்கான இடம் காணாமல் போய்விட்டது.

காலை 11 மணியிலிருந்து 2 மணி வரை இந்த ரைடைத் தேடி மணிக்கு 400 பேர் வருகிறார்கள் என்றால், ஒவ்வொரு மணி நேரமும் 91 பேர் வரிசையில் தேங்குகிறார்கள். மூன்று மணி நேரத்தில் 273 பேர். 2 மணிக்கு வரிசையின் வாலில் வந்து சேருகிறவர் அந்த 273 பேரும் ஏறி முடியும் வரை நிற்க வேண்டும். மணிக்கு 309 என்ற வேகத்தில் அதற்கு 53 நிமிடம் ஆகும். அதே கூட்டம், அதே கப்பல். காகிதத்தில் உள்ள 400 நடைமுறையிலும் நடந்திருந்தால் இந்தத் தேக்கமே வந்திருக்காது.

அதனால்தான் வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்து மலைத்துப்போக வேண்டாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீளத்தைப் பார்க்கிற கண் வரிசையின் வாயையும் பார்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, இந்த இரண்டையும் ஒரே ஒரு தடவை கவனித்தால் போதும். முன்னால் 120 பேர், சுற்றுக்கு 36 பேர் என்றால் மூன்று கப்பல் போன பிறகு நாலாவதில் நாம் ஏறிவிடுவோம். சுற்றுக்கு 7 நிமிடம் என்றால் அதிகபட்சம் 28 நிமிடம். வளைந்து வளைந்து கண்ணுக்குப் பயமாக இருக்கும் வரிசை வேகமாகக் கரைவதும் உண்டு. நாற்பதே பேர் நிற்கும் வரிசை நகராமல் உயிரை வாங்குவதும் உண்டு. ஒரு ரவுண்டுக்கு நாலு பேரை மட்டும் டியூப்பில் உட்கார வைத்துத் தள்ளிவிடும் வாட்டர் ஸ்லைடு இரண்டாவது வகை.

இதற்குப் பின்னால் உள்ள விதி மிக எளிமையானது. வரிசையில் நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை, ஆட்கள் வந்து சேரும் வேகத்தையும் ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961-இல் இதைக் கணித முறைப்படி நிரூபித்தார்; அதனால் லிட்டில் விதி என்றே பெயர். ரேஷன் கடைக்கும் பொருந்தும், ஜி.எச். வெளிநோயாளிப் பிரிவுக்கும் பொருந்தும், மெட்ரோ நிலையத்துக்கும் பொருந்தும். ஆட்கள் எந்த ஒழுங்கில் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பற்றியெல்லாம் இந்த விதி கவலைப்படுவதில்லை. அதுதான் இதன் அழகு.

ஆனால் இன்னொரு புதிர் இருக்கிறது. மணிக்கு 300 பேர் ஏற முடிகிற ரைடுக்கு 270 பேர்தான் வருகிறார்கள் என்றால் வரிசையே இருக்கக் கூடாது அல்லவா? இருக்கிறது. ஏனென்றால் ஜனங்கள் சொட்டுச் சொட்டாக வருவதில்லை. ஈ.சி.ஆரில் ஒரு பஸ் நின்றால் ஐம்பது பேர் மொத்தமாக இறங்குகிறார்கள். ஒரு வேனில் வந்த குடும்பம் பதினெட்டுப் பேரும் ஒன்றாகவே நடந்து வந்து ஒன்றாகவே ஏற வேண்டும் என்கிறார்கள். அந்தத் திடீர் நெரிசலில் சேரும் வரிசையைக் கரைப்பதற்கு ரைடுக்குக் கொஞ்சம் ஓய்வு இடைவெளி தேவை. வேலை கூடக்கூட அந்த இடைவெளி சுருங்குகிறது.

கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் இந்தப் பிரச்சினையைத்தான் எடுத்துக்கொண்டார். எத்தனை லைன் வைத்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரிடும் என்பது அவருடைய கேள்வி. 1909-இல் வந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் வரிசைக் கோட்பாடு என்ற துறையே தொடங்குகிறது. அதன் மிக எளிய மாதிரியில் ஒருவர் காத்திருக்கும் நேரம் இப்படி வளர்கிறது: திறனில் பாதி நிரம்பியிருந்தால் 1 பங்கு, 80 சதவீதம் நிரம்பினால் 4 பங்கு, 90-இல் 9 பங்கு, 95-இல் 19 பங்கு. கொலம்பஸ் ஆட்களைக் கும்பலாக ஏற்றுவதால் அதற்கு எண்கள் கொஞ்சம் மாறும். கோட்டின் வடிவம் மாறாது: ரொம்ப நேரம் தரையோடு தரையாகப் போய்விட்டு, கடைசியில் செங்குத்தாக ஏறும். அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமையைவிட இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சமே கொஞ்சம் கூட்டம் அதிகம் என்றாலும் காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்காகிவிடுகிறது.

ரோலர் கோஸ்டரின் சிக்கல் வேறு. தண்டவாளத்தைப் பல பிளாக்குகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. தாம்பரம் லோக்கல் எழும்பூருக்கு வெளியே சிக்னலுக்காக நிற்கிறதே, அதே தத்துவம்தான். முன்னால் போன வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பவில்லை என்றால் சுற்றி வந்த வண்டி பிரேக்கில் நின்றுதான் ஆக வேண்டும். ஆகவே இரண்டு வண்டி, மூன்று வண்டி என்று விட்டாலும், ஸ்டேஷனில் தடுப்புக் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும் பையன்களின் கைவேகம்தான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்தப் பையன்களை அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் இழுத்துப் பார்ப்பது நம் உயிருக்காக.

அப்புறம் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட். கூடுதல் பணம் கட்டினால் தனி வழியில் போகலாம். நம் கொலம்பஸ் கணக்கிலேயே பாருங்கள். மணிக்கு 309 இடங்களில் 100 இடங்கள் அந்த வழிக்குப் போனால் சாதாரண வரிசைக்கு மிச்சம் 209. வாலில் நிற்பவருக்கு 53 நிமிடம் என்றிருந்தது 78 நிமிடம் ஆகிவிடும். இங்கே ஒரு நிமிடம்கூடப் புதிதாக மிச்சமாவதில்லை. ஒருவர் தோளிலிருந்த காத்திருப்பு இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் விறுவிறுவென்று கடந்து போவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இதைவிட நல்ல யோசனையைத் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பதியில் 300 ரூபாய் சிறப்புத் தரிசன டிக்கெட்டில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று போட்டே தருகிறார்கள். அந்த நேரம் வரும் வரை நீங்கள் வரிசையில் இல்லை. உங்கள் இடம் மட்டும் வரிசையில் இருக்கிறது. டிஸ்னி பூங்காக்கள் 1999-இல் கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் முறையும் அப்படித்தான் இருந்தது, முதலில் அதற்குப் பணமும் வாங்கவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மற்ற இடங்களைச் சுற்றிவிட்டு வர முடிந்தது. ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. கையில் சீட்டு வைத்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார், அந்த நேரத்தில் பக்கத்து ரைடு வரிசையில் போய் நிற்பார். ஒரே ஆள் இரண்டு வரிசைகளில் இருக்கிறார் என்றால், பூங்கா முழுக்க வரிசைகள் நீளத்தானே செய்யும்?

அதே டிஸ்னியில் காத்திருக்கும் நேரத்தை அளக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். வரிசையின் தொடக்கத்தில் ஒருவரிடம் நேரம் பதிந்த சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள், ஏறும் இடத்தில் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் காத்திருந்த நேரம். நல்ல முறைதான். ஆனால் அந்த அட்டை சொல்வது ஏறி முடித்தவரின் நேரம். இப்போது வந்து சேருகிறவரின் நேரம் அல்ல. கூட்டம் அதிகமாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அட்டை குறைத்துச் சொல்லும், குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் கூட்டிச் சொல்லும்.

சரி, எந்த நாள் போவது? அமெரிக்காவில் ஆர்லாண்டோ பூங்காக்களுக்கு ஒவ்வொரு நாளுக்கும் 1 முதல் 10 வரை கூட்ட அளவு போட்ட நாட்காட்டிகளே உண்டு. நமக்கு அந்த வேலையைப் பள்ளி நாட்காட்டியும் வானமும் செய்துவிடுகின்றன. காணும் பொங்கல் அன்று மெரினாவும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் ஈ.சி.ஆரும் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஏப்ரல் கடைசியிலிருந்து பள்ளி திறக்கும் வரை தண்ணீர் ரைடுகளுக்குக் கிராக்கி. அரையாண்டு லீவு, வெள்ளியோ திங்களோ சேர்ந்து வரும் தொடர் விடுமுறை எல்லாம் கணக்கில் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூட்டம் குறைவு. ஆனால் இடி மின்னல் என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், வந்த கொஞ்சக் கூட்டமும் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று ரைடுகளில் போய் அடையும். வார நாள் காலியாக இருக்கும் என்பதையும் அப்படியே நம்ப முடியாது. ஒரு ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். பார்க்கிங்கில் வரிசையாகப் பள்ளிச் சுற்றுலா பஸ்கள்.

“எப்பப் போனாலும் கூட்டமாத்தாங்க இருக்கு” என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அவர்கள் மிகைப்படுத்தவில்லை, அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு பூங்காவுக்கு ஒன்பது நாட்கள் தலா 1,000 பேர் வருகிறார்கள், பத்தாவது நாள் காணும் பொங்கல், 11,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 பேர். மேனேஜர் கணக்கில் ஒரு நாளைக்குச் சராசரி 2,000 பேர்தான். ஆனால் வந்த 20,000 பேரையும் தனித்தனியாக நிறுத்தி, நீங்கள் வந்த நாளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால்? 11,000 பேர் 11,000 என்பார்கள், மற்ற 9,000 பேர் 1,000 என்பார்கள். சராசரி 6,500. மேனேஜரின் எண்ணைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கூட்டமான நாளைப் பார்த்தவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், காலியான நாளைப் பார்த்தவர்கள் குறைவு. மேனேஜரும் பொய் சொல்லவில்லை, ஜனங்களும் பொய் சொல்லவில்லை.

நாளைவிட நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் அதிகம் இருக்கிறது. பூங்கா வாசலில் நெரிசல் காலையில் உச்சத்துக்குப் போகும், ரைடு வரிசை அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். தொட்டிக் கணக்குதான். குழாயில் தண்ணீர் குறையத் தொடங்கினாலும், வெளியேறுவதைவிட வரத்து அதிகமாக இருக்கும் வரை தொட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கொலம்பஸில் 2 மணிக்கு 273 பேர் நின்றார்கள். அதன் பிறகு வருகிறவர்கள் மணிக்கு 200 ஆகக் குறைந்தாலும், மணிக்கு 109 பேர்தான் கரைகிறார்கள். வரிசை காலியாக இரண்டரை மணி நேரம் ஆகும். இடையில் வேவ் பூலில் அலை விடும் சைரன் ஊதினால் இன்னும் சீக்கிரம் கரையும். ரைடுக்கு இத்தனை பேர்தான் என்று அளவு உண்டு, அலைக்குளம் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்கிறது. சைரன் சத்தம் கேட்டு எல்லாரும் அந்தப் பக்கம் ஓடும்போது நாம் எதிர்ப்பக்கம் நடந்தால் கால் மணி நேரத்துக்கு நல்ல வாய்ப்பு.

அன்று மத்தியானம் அக்கா மகளிடம் முன்னால் நிற்பவர்களை எண்ணச் சொன்னேன். தலைகளைச் சுட்டிச் சுட்டி எண்ணி, கப்பல்களை விரலில் கழித்து, “ஏழாவது கப்பல் நம்மளது மாமா” என்றாள். அதன் பிறகு எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு கப்பல் போகும்போதும் ஒரு விரலை மடக்கினாள். காத்திருக்கும் நேரம் இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டால் அது குறைவாகத் தோன்றும் என்று நிர்வாகவியல் அறிஞர் டேவிட் மெய்ஸ்டர் 1985-இல் எழுதியதை நான் படித்திருந்தேன், அன்றுதான் பார்த்தேன். ஏழாவது கப்பலில் ஏறினோம். இறங்கியதும் இன்னொரு தடவை போக வேண்டும் என்றாள். நாலரைக்கு வரலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

நாலரைக்கு வந்தபோது வளைவு வளைவாகக் கட்டியிருந்த கம்பித் தடுப்புக்குள் யாரும் இல்லை. நேராக நடந்து கேட் வரைக்கும் போனோம். கப்பல் ஆடி முடித்து நின்றது, இறங்கியவர்கள் செருப்பைத் தேடினார்கள். அவள் தன்னுடைய செருப்பைக் கழற்றிக் குவியலில் போடாமல் மேடையின் அந்தக் கோடியில் தனியாக, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு ஏறினாள்.