கூட்டம் வருகிற கிளினிக்கில் பணம் ஏன் தங்குவதில்லை?

"கூட்டத்துக்குக் குறைவே இல்ல சார், ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது." சொந்தமாக கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்குக் கணக்கு பார்ப்பவன் நான். இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். யாரோ கை வைக்கிறார்களோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. கிளினிக் பணமும் வீட்டுப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து கிடக்கும். காலையில் நர்ஸ் சம்பளம் போன கணக்கிலிருந்தே மாலையில் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் போயிருக்கும்.

அதனால் கணக்கை இரண்டாகப் பிரித்த கையோடு டாக்டருக்கு ஒரு மாதச் சம்பளம் குறிக்கச் சொல்வேன். "என் கிளினிக்ல எனக்கே சம்பளமா?" என்று சிரிப்பார்கள். உங்களுக்கு உடம்பு முடியாமல் மூன்று மாதம் வேறொரு டாக்டரை உட்கார வைத்தால் அவருக்கு என்ன கொடுப்பீர்கள்? அதுதான் உங்கள் சம்பளம். அதையும் செலவில் எழுதிய பிறகு மிஞ்சுவதைத்தான் லாபம் என்பேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாடகை, ஊழியர் சம்பளம், மின்சாரம், கடன் வட்டி எல்லாம் சேர்ந்து மாதத்துக்கு 450 நோயாளிகளின் ஃபீஸுக்குச் சமம் என்று வையுங்கள். கையுறை, ஊசி, பஞ்சு என்று ஒவ்வொருவருக்கும் ஃபீஸில் 10 சதவீதம் கரைகிறது. மீதி 0.9. 450-ஐ 0.9-ஆல் வகுத்தால் 500 பேர். மாதம் 25 நாள் திறந்தால் நாளுக்கு 20 பேர். இருபது தாண்டிவிட்டால் லாபம் என்றுதான் டாக்டர் நினைத்திருப்பார். இப்போது அவருடைய சம்பளமாக இன்னொரு 225 ஃபீஸைச் சேருங்கள். 675-ஐ 0.9-ஆல் வகுத்தால் 750, அதாவது நாளுக்கு 30 பேர். தினமும் 25 பேர் வரும் கிளினிக்கை அவர் லாபம் என்கிறார், நான் நட்டம் என்கிறேன். இந்த வித்தியாசத்தை அவர் இரவு பகலாக உழைத்து ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த குழப்பம் மெஷின் கடன். "லாபம்னு காட்டி வரி கட்டச் சொல்றீங்க, பேங்க்ல பணமே இல்லையே" என்று என்னிடம் கோபப்படுவார்கள். கோபம் நியாயம்தான். மாதத் தவணையில் வட்டி மட்டுமே செலவாக ஏறும். அசல் பணமாக வெளியே போகும், ஆனால் லாபத்தைக் குறைக்காது. அதற்குப் பதிலாகத் தேய்மானம் என்று ஒன்றை எழுதுகிறோம், அதாவது மெஷின் விலையை அது உழைக்கும் வருடங்களுக்குப் பிரித்துச் செலவாகக் காட்டுகிறோம். முழு விலைக்கும் கடன் வாங்கி, கடனை 5 வருடத்தில் அடைத்து, தேய்மானத்தை 10 வருடத்துக்குச் சமமாகப் பிரித்து எழுதினால், வருடத்துக்குச் சராசரியாக விலையில் ஐந்தில் ஒரு பங்கு அசலாகப் போகும். செலவாகத் தெரிவதோ பத்தில் ஒரு பங்கு. ஆறாம் வருடம் திடீரென்று பணம் தாராளமாகப் புரளும். அந்தப் பணத்தில் கண்டிப்பாக ஒரு பகுதியை அடுத்த மெஷினுக்கு ஒதுக்க வேண்டும். கார் மாற்றுவதற்கு அதுதான் நல்ல நேரம் என்று தோன்றும், எச்சரிக்கை.

பல் கம்பி போடுபவர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் மொத்தமாக முன்பணம் வாங்குவார்கள். பத்து சிட்டிங்குக்குப் பணம் வந்து நான்குதான் முடிந்திருந்தால், ஆறு சிட்டிங் பணம் இன்னும் உங்களுடையதாகவில்லை. அதை வைத்து இந்த மாத வாடகையைக் கட்டினால், அடுத்த மாதம் ஃபீஸே வராத நோயாளிகளுக்காக விளக்கெரித்துக்கொண்டிருப்பீர்கள். இன்சூரன்ஸ் நிலுவை இதற்கு நேரெதிர்: வேலை முடிந்திருக்கும், பணம் வந்திருக்காது. 90 நாள் தாண்டிய க்ளெயிம்களைத் தனியாகப் பட்டியல் போட்டு, யாராவது ஒருவர் விடாமல் துரத்த வேண்டும். மருந்து இருப்பில், காலாவதி முதலில் வருவது முன்வரிசையில் இருந்தால் போதும்.

ரிசப்ஷனுக்குப் போனால் நான் கேட்பது வசூல் தொகையை அல்ல, ரத்தான பில்களின் பட்டியலை. டோக்கன் 42, பில் 39 என்றால் அந்த மூன்று பேர் யார்? இலவசமாகப் பார்த்தீர்களா, மறு பரிசோதனைக்கு வந்தவர்களா, பணம் வாங்கிய பிறகு பில் ரத்தானதா? பணம் வாங்குபவரிடமே பில்லை ரத்து செய்யும் அதிகாரமும் இருக்கக் கூடாது. "ரொம்ப வருஷமா இருக்கிற பொண்ணு சார், நம்பிக்கையானவ" என்பார்கள். இருக்கட்டும். ஒரு நாள் கல்லாவில் பணம் குறைந்தால், அவள் மேல் பழி விழாமல் காப்பதும் இந்த ஏற்பாடுதான்.

இதையெல்லாம் வெறும் பணக் கணக்காக நான் பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் தவணை கழுத்தை நெரிக்கும்போது, அடுத்த வாரம் வரை பொறுத்துப் பார்க்கக்கூடிய ஒரு டெஸ்ட் இன்றைக்கே சீட்டில் ஏறிவிடும். டாக்டர் வேண்டுமென்று செய்வதில்லை, பேனா தானாகச் சாய்கிறது. குறைந்தது மூன்று மாத நிலையான செலவு தனிக் கணக்கில் இருந்தால் அந்த நெருக்கடி பெருமளவு குறையும். டாக்டர் படுத்துவிட்டால் வருமானமும் படுத்துவிடும் என்பதால், வருமான இழப்புக்கான காப்பீட்டையும் சிகிச்சையில் தவறு என்று நோயாளி இழப்பீடு கேட்டால் கைகொடுக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டையும் தள்ளிப் போட வேண்டாம்.

இன்னொன்று: நோயாளி பார்க்கும் நேரத்தில் அன்றைய வசூல் டாக்டரின் திரையில் தெரியவே கூடாது. வாரத்தில் ஒரு நாள், கிளினிக் மூடிய பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி வங்கி இருப்பு, வர வேண்டிய நிலுவை, இன்னும் செய்து முடிக்காத முன்பணம், அடுத்து வரும் தவணை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளோடு வந்தால் என் வேலையும் பாதியாகக் குறையும்.