நூன்: யோசுவாவின் தகப்பன் பெயர்

“நூனின் குமாரனாகிய யோசுவா” என்பது வேதாகமம் வாசிப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய தொடர். மோசேக்குப் பிறகு இஸ்ரவேலரைக் கானானுக்குள் நடத்திப் போனவர் யோசுவா. தகப்பன் நூனோ எந்த இடத்திலும் வாய் திறப்பதில்லை, ஒரு காரியமும் செய்வதில்லை. 1 நாளாகமம் 7-ஆம் அதிகாரத்தின் வம்ச அட்டவணை, எப்பிராயீம் கோத்திரத்து எலிஷாமாவின் மகன் நூன், அவர் மகன் யோசுவா என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. சீனாய் வனாந்தரத்தில் கணக்கெடுப்பு நடந்தபோது எப்பிராயீம் கோத்திரத் தலைவர் பெயரும் எலிஷாமாதான். ஆக, அப்பாவும் பெரிய ஆள், மகனும் பெரிய ஆள்; நடுவில் இவர்.

சரி, பெயருக்கு என்ன பொருள்? எபிரேயத்தின் உறவு மொழியான அரமேயத்தில் ‘நூனா’ என்றால் மீன். அதற்கும் பழைய அக்காதிய மொழியில் ‘நூனு’. ஆனால் எபிரேயத்தில் மீனுக்கு அன்றாடச் சொல் ‘தாக்’. அதனால்தான் சிலர் ‘மீன்’ என்பதை ஏற்காமல், பெருகுதல் என்ற பொருளுள்ள எபிரேய வினையோடு இணைத்து ‘சந்ததி’ என்று பொருள் சொல்கிறார்கள். சங்கீதம் 72:17-இல் ‘பெயர் தலைமுறை தலைமுறையாக நிலைக்கும்’ என்ற கருத்தில் வருவது அந்த வினை. இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆதியாகமம் 48:16-இல் யாக்கோபு எப்பிராயீமையும் மனாசேயையும் ஆசீர்வதிக்கும்போது, ‘பெருகுவார்களாக’ என்பதற்கு வரும் எபிரேயச் சொல்லே ‘தாக்’ என்ற மீனோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. எப்பிராயீம் வழிவந்தவருக்கு மீன் பெயர் பொருந்தாமலா போகும்?

எபிரேய நெடுங்கணக்கின் 14-ஆவது எழுத்துக்கும் பெயர் நூன்தான். எண் மதிப்பு 50. அந்த எழுத்தின் ஆதி வடிவம் பாம்புப் படத்திலிருந்து வந்தது என்பது பல அறிஞர்கள் கருத்து. பாம்பு வடிவம், மீன் பெயர்!

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் யோசுவாவின் தகப்பன் ‘நவே’ ஆகிவிடுகிறார். கிரேக்க எழுத்தில் கடைசி எழுத்தை மாற்றிப் படித்த நகலெடுப்போரின் பிழை என்பது பரவலான விளக்கம். அப்புறம், எபிரேயத்தில் ‘மகன்’ என்பதற்கு வழக்கமாக வரும் ‘பென்’, யோசுவாவின் பெயரோடு வரும்போது ‘பின் நூன்’ என்று எழுதப்படுகிறது.

இஸ்லாமிய மரபில் யோசுவா ‘யூஷஃ இப்னு நூன்’. மீன் விழுங்கிய யூனுஸ் நபியைக் குர்ஆன் ‘துன்னூன்’ என்று அழைப்பது தமிழ் முஸ்லிம்களுக்குத் தெரிந்ததுதான். ‘மீனுக்குரியவர்’ என்று பொருள். அங்கே வருவதும் இதே நூன்.

தமிழில் நேர்ச்சொல் ‘மீன்’. பொருள் சொல்லும்போது அதைச் சொல்லலாம். பெயராக எழுதும்போது ‘நூன்’ என்றே விடுவதுதான் முறை. ‘மீனின் மகன் யோசுவா’ என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார். வேற்றுமை உருபு சேரும்போது ‘நூனின்’, ‘நூனுக்கு’ என்று வரும்.