பேண்ட் சைஸ் சொல்லும் பொய்

"ஆளே நூலாட்டம் இருக்கேன், எனக்கு எங்கிருந்துங்க சக்கரை வரும்?"

திருப்பூரில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம் இதைக் கேட்காத வாரமே இல்லை. போன வருடம் கேட்டவர் பனியன் கம்பெனி டெய்லர், வயது 41. வந்தது சர்க்கரைக்காக அல்ல, தொடையிடுக்கில் படர்தாமரை. மூன்று மாதமாக மெடிக்கலில் வாங்கிக் களிம்பு போட்டும் அடங்கவில்லை. அப்படி அடங்காத படர்தாமரை வந்தால் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துவிடுவது என் பழக்கம். 236 காட்டியது. அம்மாவுக்கு இருந்ததா என்றேன். "இருந்துச்சுங்க. ஆனா அம்மா குண்டுங்க."

168 செ.மீ. உயரம், 63 கிலோ எடை. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 22.3. கணக்குப்படி கச்சிதம்தான்.

இந்த 22.3-க்கு ஒரு கதை உண்டு. புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் குறியீடு 22.3. ஸ்கேனில் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. எடை மெஷின் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. நம் ஆட்களுக்குக் கையும் காலும் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். குடலைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்பு நேராகக் கல்லீரலில் போய் இறங்குகிறது. அப்புறம் இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்பதில்லை, தன்பாட்டுக்குச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிட்டதை வாங்கிக்கொள்ள வேண்டிய தசையோ கொஞ்சம்தான்.

இடுப்பைக் கேட்டேன். "கல்யாணத்தப்ப இருந்து 32 தானுங்க." அளந்தால் 36. தொப்பை வளர வளர பேண்ட் கீழே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்தவர் இடுப்புக்கு ஆயுசு முழுக்க எலாஸ்டிக் தைத்தவர் டேப்பையே முறைத்துப் பார்த்தார்.

நின்றுகொண்டு, மூச்சை விட்டபிறகு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. அங்குலத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்கள் ஏமாற்றுவது என்னை அல்ல.

அவருடைய ஒருநாள் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டபோது விஷயம் விளங்கியது. ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை நடப்பது பாத்ரூமுக்கும் பேக்கரிக்கும் மட்டும். ஐந்து டீ, சர்க்கரை தூக்கலாக, கூடவே வர்க்கியோ தேங்காய் பன்னோ. ராத்திரி ஒன்பதரைக்கு மூன்று பரோட்டா, உடனே படுக்கை. நாளுக்கு நாலைந்து சிகரெட் வேறு. அதுவும் வயிற்றுக் கொழுப்பைக் கூட்டுகிற சமாச்சாரம்தான். எடை குறையும் என்று நம்பிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்திய சராசரி 11.4. ஒல்லியாக இருப்பதால் சோதனைக்கே போகாதவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். முப்பது வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

அவருக்கு மாத்திரை எழுதினேன். டீ இரண்டு, சர்க்கரை இல்லாமல். மதியம் சோற்றைப் பாதியாக்கி, கொள்ளுப் பருப்போ முட்டையோ கூட. சிகரெட் அறவே கூடாது. ராத்திரி சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிடம் நடை. பரோட்டாவை விடமாட்டேன் என்றார்; வாரம் ஒருநாள் என்று பேரம் முடிந்தது.

நாலு மாதம் கழித்து வந்தார். இடுப்பு ஓர் அங்குலம் குறைந்திருந்தது, படர்தாமரை போயிருந்தது. சிகரெட் மட்டும் இன்னும் ஒன்று மிச்சம். ஆனால் அவர் சொல்ல வந்தது வேறு.

"எங்க லைன்ல பதினோரு பேருக்கு டேப்பு வச்சுப் பாத்தேனுங்க டாக்டர். ஏழு பேரு அளவத் தாண்டிட்டாங்க. சூப்பர்வைசர் மட்டும் கிட்டயே விடலைங்க."