பேட்டரி மாற்ற வந்தவர்

போன மாதம் ஒரு அரிசி மண்டிக்காரர் கடைக்கு வந்தார். "தம்பி, போனைக் கையில வெக்க முடியல, அப்படிச் சுடுது. பேட்டரிய மாத்திக் குடு" என்றார். கழற்றிப் பார்த்தேன், பேட்டரி உப்பவில்லை, நன்றாகத்தான் இருந்தது. எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்கிறது என்று செட்டிங்கில் பார்த்தால், பட்டியலில் முதல் ஆளாக "ஆர்டிஓ சலான்" என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. வெளியே வந்து தேடினேன். ஐகானே இல்லை.

"ஐயா, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது ஃபைன் தம்பி. வாட்ஸ்அப்புல வந்துச்சு. நான் ஹெல்மெட் போடாமத்தான் வண்டியில போனேன், அது பொய்யில்லையே! ஐநூறுதான்னு போட்டிருந்துச்சு."

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்தே ஹெல்மெட் போடாததற்கு அபராதம் 1,000 ரூபாய். பாதியோடு போகிறதே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். ஆப்பைத் திறந்ததும் கார்டு நம்பர், பின்னால் இருக்கும் மூன்று எண், ஏடிஎம் பின் எல்லாம் கேட்டிருக்கிறது. கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு நாளாக பேங்க் மெசேஜ் எதுவும் வரவில்லையாம். சிம்மில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

சிம்மில் கோளாறு இல்லை. வருகிற மெசேஜை எல்லாம் அந்த ஆப்தான் முதலில் வாங்கி, வேறு எங்கோ அனுப்பிவிட்டு, இவர் கண்ணில் படாமல் அழித்துக்கொண்டிருந்தது. ஓடிபி வருவதும் தெரியாது, பணம் போவதும் தெரியாது. இரண்டு தவணையில் 87,500 ரூபாய் போயிருந்தது.

பதினான்கு வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை தடவை அலோ (Allow) அழுத்துனீங்க?" என்பதைத்தான். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பின் பொட்டலம், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வந்து கிடப்பதால் மட்டும் அது போனுக்குள் புகுந்துவிடாது. நாம் திறக்க வேண்டும். திறந்தாலும் போன் சும்மா விடாது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் போட வேண்டுமென்றால், எந்த வழியாக வருகிறதோ அந்த ஆப்புக்குத் தனியாக அனுமதி கொடுத்தாக வேண்டும். அதாவது, "வாட்ஸ்அப் இனிமேல் உங்கள் போனில் ஆப் போடலாமா?" என்று போன் கேட்கிறது. கொஞ்சம் நிதானமாக யோசித்தால் சிரிப்பு வரும் கேள்வி இது. வாட்ஸ்அப் எதற்கு ஆப் போட வேண்டும்?

அதற்கு அலோ. அப்புறம், ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் காவல்காரனான பிளே புரொடெக்ட் எச்சரிக்கும். பல நேரம் "எப்படியும் போடு" என்று அதற்கும் ஒரு பட்டன் இருக்கும். அடுத்து மெசேஜ் படிக்க அனுமதி, காண்டாக்ட் பார்க்க அனுமதி. கடைசியாகச் சில ஆப்கள் அக்செஸிபிலிட்டி கேட்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டவும், கை நடுங்குகிறவர்களுக்காகத் தானே பட்டனைத் தொடவும் செய்துவைத்த வசதி அது. திருடன் கையில் போனால், உங்கள் திரையை அவன் படிப்பான், உங்கள் விரலுக்குப் பதில் அவன் தொடுவான். நீங்கள் அன்இன்ஸ்டால் அழுத்தப் போனால்கூட, அந்தப் பக்கத்தைத் தானே மூடிவிடும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து வெளியில் வாங்கிய ஆப்புக்கு இந்த அனுமதியைச் சுலபமாகக் கொடுக்க முடியாதபடி ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். அதைத் திறப்பது எப்படி என்று போனில் பேசிக்கொண்டே சொல்லிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பிளே ஸ்டோருக்கு வெளியே இருப்பதெல்லாம் விஷம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எஃப்-டிராய்டு என்று ஒன்று பல வருடமாக இருக்கிறது. எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி மூல நிரல் திறந்துகிடக்கும் ஆப்களை மட்டும் வைத்திருக்கும் இடம். என் போனிலேயே அங்கிருந்து எடுத்த இரண்டு ஆப் உண்டு. பிளே ஸ்டோருக்குள்ளும் போலிக் கடன் ஆப்கள் புகுந்து மக்களை அலைக்கழித்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எஃப்-டிராய்டுக்கு நான் தேடிக்கொண்டு போனேன். மண்டிக்காரரைத் தேடிக்கொண்டு ஆப் வந்தது. அபராதம், கல்யாணப் பத்திரிகை, கேஸ் மானியம், பேங்க் கேஒய்சி என்று என்ன வேஷத்தில் வந்தாலும், ஃபைல் பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். அதைப் பார்க்க "இன்ஸ்டால்" எதற்கு? அபராதம் இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டால், அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அலோ அழுத்தியாகிவிட்டது, இப்போது என்ன? மண்டிக்காரர் போனில் நான் முதலில் செய்தது, ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணைத்தது. மெசேஜ் வெளியே போவது அதோடு நின்றது. பிறகு என் போனிலிருந்து, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்து அவர் கையில் கொடுத்தேன். அடுத்து பேங்குக்கு. ஆப்பை அழிப்பதெல்லாம் அப்புறம்தான். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, நம் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனது நம் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். ரிங்டோன் செட் செய்யக்கூட கடைக்கு வருகிறவர்கள், இதற்கு மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ஆப்பை எடுக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. போனையே கட்டுப்படுத்தும் அதிகாரமுள்ள ஆப்களின் பட்டியலான டிவைஸ் அட்மினில் அது தன் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்ததால் அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாகக் கிடந்தது. நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோடில் போனைப் போட்டு, அட்மின் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகுதான் போனது. அதோடு விடவில்லை. முக்கியமான படங்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் அடித்தேன். அவருக்கு வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் ஏதாவது வைத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். பாஸ்வேர்டுகளை அவர் மகன் போனிலிருந்து மாற்றச் சொன்னேன்.

38,500 ரூபாயை வழியிலேயே நிறுத்திவைக்க முடிந்தது. மீதி 49,000 அதற்குள் கைமாறிவிட்டது. அன்று சாயங்காலமே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் அந்தச் சலான் மண்டிக்காரர் நம்பரிலிருந்துதான் போயிருந்தது. "அண்ணன் அனுப்புனா ஏன் சந்தேகப்படப் போறேன்?" என்றார் ஒருவர். நல்லவேளை, அவர் பாதியில் நிறுத்தியிருந்தார்.

போன வாரம் மண்டிக்காரர் மறுபடி வந்தார். போனை நீட்டி, தொடாமல், விரலால் சுட்டிக் காட்டினார். தங்கச்சி மகன் கல்யாணம்.

"பிடிஎஃப்தானே தம்பி?"

பிடிஎஃப்தான். திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகூர்த்த நேரத்தைப் படித்தார்.