நிறம் மாறாத கல்லுப்பு

முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் உப்புச் சோதனை. வீட்டு உப்பு ஒரு கரண்டி கொண்டுவரச் சொல்லி முந்தின நாளே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். நோட்டுத் தாளில் மடித்தது, மிட்டாய்க் கவரில் முடிந்தது, தீப்பெட்டிக்குள் அடைத்தது என்று மேசை நிறைய உப்பு. சுகாதார ஆய்வாளர் உத்தியோகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட வேண்டும். அயோடின் இருந்தால் உப்பு கத்தரிப்பூ நிறமாகும். இல்லையென்றால் நனைவதோடு சரி.

பாக்கெட் தூளுப்பு சட்டென்று நிறம் மாறியது. கல்லுப்பில் பாதிக்கு மேல் வெள்ளையாகவே கிடந்தது. "சார், எங்க உப்பு பெயிலா?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முகம் வாடிக் கேட்டாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "தூத்துக்குடி உப்பு ஐயா. வண்டிக்காரன் வாசல்லயே அளந்து போட்டுட்டுப் போயிருவான். கடல் உப்புல இல்லாத சத்தா பாக்கெட்டுல இருக்கப்போவுது?"

இங்கே எல்லாருடைய கேள்வியும் இதுதான். கடல் நீரிலேயே அயோடின் மிகக் கொஞ்சம். அது காய்ந்து உப்பாகும்போது மிஞ்சுவது உடம்புக்குப் போதாது. அதனால்தான் உப்பில் பொட்டாசியம் அயோடேட் தெளிக்கிறார்கள். ஒரு டன் உப்புக்கு ஏறக்குறைய 50 கிராம், அவ்வளவுதான். அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும் என்பது பலருக்கும் தெரியும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும் என்பது தெரிவதில்லை. கழலை கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லையே.

இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு பகுதிக்குச் சாதா உப்பு, மற்ற பகுதிகளுக்கு அயோடின் உப்பு. அயோடின் உப்பு போன இடங்களில் கழலை குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் இல்லாத உப்பைச் சமையலுக்கு விற்கக்கூடாது என்ற தடை, நடுவில் ஒருமுறை விலக்கப்பட்டு, 2006-இல் மறுபடி அமலுக்கு வந்தது.

ஆனாலும் 2018-19 தேசிய அயோடின் ஆய்வில் போதுமான அயோடின் உள்ள உப்பு தமிழ்நாட்டில் 61.9 சதவீத வீடுகளில்தான் இருந்தது. நாட்டிலேயே கடைசி இடம். உப்பு விளையும் மாநிலத்துக்கு இந்த நிலையா என்று ஆச்சரியப்பட வேண்டாம், விளைவதால்தான் இந்த நிலை. ரயிலேறித் தூர மாநிலம் போகும் உப்பைச் சோதித்து அனுப்ப வழி இருக்கிறது. அளத்தில் அள்ளி, மூட்டை கட்டி, வண்டியில் நேரே நம் தெருவுக்கு வரும் உப்பை யார் சோதிப்பது?

ஒருமுறை ஒரு கடையில் 'உணவுக்கு அல்ல' என்று அச்சடித்த மூட்டையைப் பார்த்துக் கேட்டோம். "மாட்டுக்குத்தான் சார் விக்கேன்" என்றார் கடைக்காரர். அந்தத் தெருவில் மாடே கிடையாது! சட்டப்படி மாட்டுத் தீவனத்துக்கும் கருவாடு போடவும் சாதா உப்பு விற்கலாம். இந்தச் சந்துக்குள் புகுந்துதான் அது அடுப்படிக்கு வருகிறது. இதற்காக வண்டிக்காரருக்கு அபராதம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அளத்தில் கொடுத்ததைத்தான் அவர் விற்கிறார். சிறிய உப்பளக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பயன்படுத்த ஒரு தெளிப்பு இயந்திரம், மலிவு விலையில் அயோடேட், அளத்திலேயே சோதனை: அரசின் பணமும் கண்ணும் போகவேண்டிய இடம் அதுதான்.

இன்னொன்று. பிரஷர்காரர்கள் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். குறைத்துப் போடுகிற உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

அடுத்த மாதம் போனபோது ஆச்சி வீட்டில் அயோடின் கல்லுப்பு பாக்கெட் இருந்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், ஒரு கை உப்பை அள்ளித் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டினார். தெளித்த அயோடின் கல்லின் மேலேதான் ஒட்டியிருக்கும் என்றேன்.

"மண்ணு கெடக்குமே ஐயா?"

"கரைச்சு வைங்க ஆச்சி. மண் அடியில் தங்கிரும், மேல்தண்ணியைக் குழம்புக்கு ஊத்துங்க."

"அதைப் போன மாசமே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.