பழைய அலுமினியப் படகுக்கு விண்ட்ஷீல்டு: கவனிக்க வேண்டியது துளையை

விண்ட்ஷீல்டு மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது உடையாது?" என்றுதான். கழற்றிய பழைய தகட்டைப் பார்த்தால் அந்தக் கேள்வியே மாறிவிடும். கல்லடி பட்டு உடைந்தவை குறைவு. பெரும்பாலும் போல்ட் துளையின் ஓரத்தில் மயிரிழையாக ஒரு கோடு கிளம்பி விளிம்புவரை ஓடியிருக்கும்.

காரணம் வெப்பம். 1 மீட்டர் அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்) தகடு 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும்; அதே நீள அலுமினியம் 0.7 மி.மீ.தான் நீளும். துளை போல்ட்டைக் கவ்விப் பிடித்திருந்தால் தகடு நகர இடமில்லாமல் அங்கேயே வெடிக்கும். 5 மி.மீ. போல்ட்டுக்கு 7 மி.மீ. துளை போடுங்கள். இருபுறமும் நைலான் அல்லது ரப்பர் வாஷர், மேலே நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் கழலாதது). வாஷர் படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு சுற்று" என்பதுதான் தகட்டுக்கு எமன். நட் கழலாமல் இருக்க மரையில் தடவும் திரெட் லாக்கர் பசை வேண்டவே வேண்டாம், அது பிளாஸ்டிக்கை அரித்து வெடிக்க வைக்கும்.

உலோகத்துக்கான டிரில் பிட் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்து மறுபக்கத்தைச் சிதறடிக்கும். பிளாஸ்டிக்குக்கென்றே வரும் பிட், அடியில் மரப்பலகை, மெதுவான வேகம் போதும். தகட்டின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளைத் துளையிட்டு முடியும்வரை உரிக்காதீர்கள். விளிம்பிலிருந்து துளையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளிப் போடுங்கள்.

எந்தப் பொருள்? பெரும்பாலான சிறு படகுகளுக்கு 6 மி.மீ. அக்ரிலிக்கே போதும். வெயிலைத் தாங்கும், கீறல் விழுந்தாலும் பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். பாலிகார்பனேட் என்ற இன்னொரு தெளிவான பிளாஸ்டிக், அடி தாங்குவதில் அதைவிடப் பல மடங்கு உறுதி. ஆனால் சுலபமாகக் கீறும், புற ஊதாக் கதிர் தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் மஞ்சளித்துவிடும். வைப்பர் வேண்டும் என்றால் மட்டுமே டெம்பர்டு (சூடேற்றிப் பதப்படுத்திய) கண்ணாடி. எடை அதிகம், பதப்படுத்தியபின் வெட்டவோ துளையிடவோ முடியாது, எனவே அளவு முன்கூட்டியே துல்லியமாக இருக்க வேண்டும். கறுப்புச் சாயம் பூசியது அழகுதான், அந்தி நேரத்தில் கரை திரும்பும்போது தொல்லை.

உயரத்தை அட்டையில் வெட்டி வைத்து, ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் பாருங்கள். மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு நேராக வருவதுதான் மிக மோசம். அதைவிடச் சுமார் 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், சாரல் படிந்த தகட்டுக்கு மேலாகப் பார்த்தே ஓட்டலாம்.

பழைய படகின் மேல்தட்டு மெல்லியது, பழைய துளைகளும் தளர்ந்திருக்கும். அடியில் 3 மி.மீ. அலுமினியப் பட்டை கொடுத்து இறுக்குங்கள். ரசாயனம் ஏற்றிய மரக்கட்டையை வைக்காதீர்கள். அதிலுள்ள செம்பு அலுமினியத்தை அரிக்கும். பித்தளை ஸ்க்ரூவுக்கும் இதே கதைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் அலுமினியத்தை நேராகத் தொடாதபடி நைலான் வாஷரால் பிரித்துவிடுங்கள், உப்பு நீரில் ஓடும் படகுக்கு இது கட்டாயம். கசிவை அடைக்க நியூட்ரல் வகை சிலிக்கான் போதும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் அலுமினியத்தை அரிக்கும். பாலிசல்பைடு சீலண்ட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

காற்றின் சுமையைத் தண்ணீரில் மட்டும் கணக்கிடாதீர்கள். வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு. ஏரியில் 50 கி.மீ. வேகத்தில் ஓடும் படகை டிரெய்லரில் 100 கி.மீ. வேகத்தில் இழுத்துப் போகும்போதுதான் விண்ட்ஷீல்டு சட்டம் ஆட்டம் காண்கிறது. பயணத்துக்கு முன் கழற்றிவிடலாம், அல்லது பின்புறம் முட்டுக் கம்பி கொடுக்கலாம். ஏறும்போது பிடித்துக்கொள்ளத் தனியே கைப்பிடி வைப்பதும் நல்லது, இல்லையென்றால் எல்லோரும் பிடிப்பது விண்ட்ஷீல்டு சட்டத்தைத்தான்.

துடைக்க வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த திரவம், தின்னர், பெட்ரோல் எதுவும் ஆகாது. அக்ரிலிக்கின் மேல் சிலந்திவலை போல நுண்வெடிப்புகள் பரவிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி மணலை ஓடவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி தடவிய கையாலும் தொடாதீர்கள். விரல் பதிந்த இடம் மங்கி அப்படியே நின்றுவிடும்.